வளர்ற புள்ளதானே!



நீளமான பதிவு. அரசியல் இல்லை, பரீட்சைப் பெறுபேறும் இல்லை, சைக்கிள் பற்றியது. பழைய சைக்கிள் வாங்க இருக்கிறவர்களும், ஏழைப் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுக்க இருக்கிறவர்களும் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள். என் மேல் கோபம் வந்தால் வரட்டும்.

போன தவணையில் ஒரு திங்கட்கிழமை, 7ஆம் தரத்துப் பொடியன் ஒருவன் வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தான். "என்ன மகன் நடந்த?" என்றேன். "சைக்கிளால விழுந்துட்டன் சேர்." வேகமாகப் போனாயா என்றால் இல்லை. யாராவது இடித்தார்களா என்றால் அதுவும் இல்லை. அவன் சொன்னது இதுதான். சந்தியில் டிப்பர் ஒன்று திரும்பியது. இவன் ஒழுங்காகப் பிறேக் பிடித்தான். சைக்கிளும் ஒழுங்காக நின்றது. நின்ற சைக்கிளில் இருந்து கால் ஊன்ற நிலம் எட்டவில்லை. அப்படியே சாய்ந்து, கையை ஊன்றி, மணிக்கட்டு முறிந்தது.

ஓடும்போது விழுந்த பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன். இவன் நின்றுகொண்டு விழுந்திருக்கிறான். டிப்பர் இன்னும் இரண்டு அடி உள்ளுக்கு வந்து திரும்பியிருந்தால் இந்தப் பதிவை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பின்னேரம் அவன் வீட்டுக்குப் போய் சைக்கிளைப் பார்த்தேன். ஜப்பான் பழைய சைக்கிள், 27 சில்லு, பார் வைத்தது. கூடை, கெரியர், டைனமோ எல்லாம் இருந்தது. பெயின்ற் பளபளத்தது. சீட்டை இறக்கக்கூடிய அளவுக்கு இறக்கிக் கிடந்தது. அதற்குக் கீழே போக இடமில்லை. வாப்பா கட்டாரில். அவர் அனுப்பிய காசுக்கு மாமாதான் வாங்கிக் கொடுத்திருந்தார். மாமா நல்ல மனிசன், மருமகன் மேல் உயிர். நான் கேட்டதும் அவர் சொன்ன பதிலை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

"வளர்ற புள்ளதானே சேர். மூணு நாலு வருசத்துக்கு வேற சைக்கிள் தேவப்படாது."

எனக்குச் சண்டை இந்த ஒரு வசனத்தோடுதான், மாமாவோடு இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பெருநாள் உடுப்பில் இருந்து வந்தது. நோன்புப் பெருநாளைக்கு எடுக்கிற சட்டை ஹஜ்ஜுப் பெருநாளைக்கும், முடிந்தால் அடுத்த நோன்புப் பெருநாளைக்கும் வரவேண்டும் என்று உம்மாமார் ஒரு சைஸ் கூட எடுப்பார்கள். கை நீளமென்றால் மடித்துவிடலாம். கழிசான் நீளமென்றால் உள்ளுக்கு மடித்துத் தைத்துவிடலாம். அதில் பிழையே இல்லை, நானும் அப்படி உடுத்து வளர்ந்தவன்தான். ஆனால் இரும்புக் குழாயை மடித்துத் தைக்க ஏலாது. சைக்கிளில் டயர், ரியூப், செயின், பெடல், பிறேக் கட்டை, சீட், ஹேண்டில், ஏன் சில்லையே கூட மாற்றலாம். பிரேமை மாற்றினால் அது வேறு சைக்கிள். ஆக, பழைய சைக்கிள் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது பிரேமைத்தான். மற்றதெல்லாம் இன்றில்லாவிட்டால் நாளை தேய்ந்து மாற்றுகிற சாமான்.

ஆனால் கடையில் நாம் என்ன செய்கிறோம்? டயரை அமத்திப் பார்க்கிறோம். ரிம்மில் கறள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறோம். பெல்லை அடித்துப் பார்க்கிறோம் (பெல் அடித்துப் பார்க்காமல் சைக்கிள் வாங்கிய ஒருவரை நான் இன்னும் காணவில்லை). பிள்ளையை அதில் ஏற்றிப் பார்ப்பது மட்டும் இல்லை. எப்படி ஏற்றிப் பார்ப்பது, பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டே போகவில்லையே! சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் கொண்டுவந்து நிறுத்தி சந்தோசப்படுத்த வேண்டுமாம். செருப்பு வாங்கக் கூட பிள்ளையின் காலளவுக்கு ஈர்க்கில் முறித்துக்கொண்டு போன சமூகம் நாம். அதைவிட எத்தனையோ மடங்கு விலையான சாமானுக்கு அந்த ஈர்க்கிலும் இல்லை.

அளவு பார்த்துத்தான் வாங்கினோம், 26 சில்லு கேட்டு வாங்கினோம் என்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 24, 26, 27, 28 என்று கடைக்காரர் சொல்வது சில்லின் அளவு. டயரில் எழுதியிருப்பதும் அதுதான். பிரேமின் அளவு வேறு. கிராங் அச்சின் நடுவில் இருந்து, சீட் கம்பி செருகுகிற குழாயின் மேல் வாய் வரைக்கும் நாடா பிடித்தால் வருவது பிரேமின் அளவு. ஒரே 26 சில்லில் 16 அங்குலப் பிரேமும் வரும், 20 அங்குலப் பிரேமும் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீற்றர். உங்கள் பிள்ளையின் காலில் 10 சென்டிமீற்றரைக் கழித்துப் பாருங்கள், என்ன சொல்கிறேன் என்று விளங்கும். நம் மூத்தாப்பாமார் வயலுக்கு ஓடிய 28 சில்லு பார் சைக்கிள்களில் பெரும்பாலும் 22 அல்லது 24 அங்குலப் பிரேம். அது வளர்ந்த ஆம்பிளைக்கு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நெல்மூடை ஏற்றி ஓடுவதற்குச் செய்த சாமான்.

கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால் விகிதம் பாடத்தை அடுத்த வாரம் இதிலேயே நடத்தினேன். செருப்பைக் கழற்றிவிட்டு சுவரோடு முதுகை ஒட்டி நிற்கவேண்டும். தடித்த கொப்பி ஒன்றைக் கால்களுக்கிடையில் வைத்து, சீட்டில் இருக்கும்போது அமத்துகிற மாதிரி நன்றாக மேலே இழுத்துப் பிடிக்கவேண்டும். கொப்பியின் மேல் விளிம்புக்கு நேரே சுவரில் பென்சிலால் கோடு. நிலத்தில் இருந்து அந்தக் கோடு வரை உள்ளது உள்கால் அளவு. பொடியன்மார் சோடி சோடியாக ஒருவரை ஒருவர் அளந்தார்கள். பெண் பிள்ளைகளை வீட்டில் உம்மாவோடு அளந்து எழுதி வரச் சொன்னேன். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், சீட்டின் முதுகில் இருந்து கிராங் அச்சின் நடு வரைக்கும் இருக்கவேண்டிய தூரம் வரும். இந்தக் கணக்கை உலகம் முழுக்கப் பரப்பியவர் கிரெக் லெமொண்ட் என்ற அமெரிக்க வீரர். 1986, 1989, 1990 ஆகிய 3 வருடங்களில் தூர் த பிரான்ஸ் ஓட்டத்தை வென்றவர். அது பந்தயக்காரரின் கணக்கு. பாடசாலைக்கும் கடைக்கும் ஓடுகிறவர்கள் அதில் ஒன்றிரண்டு சென்டிமீற்றர் குறைத்து வைத்தால் இன்னும் வசதி. கூட்டி வைக்கக் கூடாது.

கை முறிந்த பொடியனின் உள்கால் 62 சென்டிமீற்றர். பெருக்கினால் 55 வரும். அவன் சைக்கிளில் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியும் 61. அதாவது ஒவ்வொரு முறை பெடல் கீழே போகும்போதும் அவன் இடுப்பை அந்தப் பக்கம் சரித்துத்தான் காலை எட்ட வைக்கவேண்டும். வீட்டில் இருந்து பாடசாலை வரும் வரைக்கும் இடது வலது, இடது வலது என்று சீட்டில் உரசி உரசி வந்திருக்கிறான். அவன் ஏன் தினமும் களைத்து வந்து முதலாம் பாடத்தில் மேசையில் தலை வைக்கிறான் என்று நான் அவனை ஏசியிருக்கிறேன். அதையும் இங்கே எழுதவேண்டும்.

ஆனால் அவன் விழுந்ததற்குக் காரணம் சீட் மட்டுமில்லை. சரியான உயரத்தில் சீட்டை வைத்தால் பெரியவர்களுக்கும் பெருவிரல் நுனிதான் நிலத்தில் முட்டும். அது பிழையில்லை. நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி, பாருக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்கவேண்டும். அப்படி நிற்பதற்கு பார் கவட்டுக்குக் கீழே இருக்கவேண்டும். இறங்கி நின்றால் பாருக்கும் உடம்புக்கும் இடையில் குறைந்தது ஒரு அங்குலம், நம் குன்றும் குழியுமான கிறவல் ரோட்டுக்கு இரண்டு அங்குலம் இடைவெளி வேண்டும். அந்த 27 சில்லு சைக்கிளின் பார் நிலத்தில் இருந்து 76 சென்டிமீற்றர். அவன் கால் 62. எங்கே இறங்குவான்? சீட்டிலும் இருக்க ஏலாது, பாருக்கு முன்னாலும் நிற்க ஏலாது. ஓடுகிற வரைக்கும்தான் அந்தச் சைக்கிளில் அவன் பத்திரமாக இருந்தான்.

மூன்று வருடத்துக்குப் பிறகு வரப்போகும் ஒரு பொடியனுக்கு வாங்கிய சைக்கிள் அது. அவன் வரும் வரைக்கும் இவனை அதில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம்.

இனி என் கதை. ஊரைப் பற்றி எழுதிவிட்டு வீட்டை மறைக்கக் கூடாது.

2022 ஞாபகம் இருக்கும். பெற்றோல் செட்டில் நாள்கணக்கில் வரிசை, பாடசாலை மூடல், பிறகு கியூ.ஆர். முறை வந்துதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். மோட்டார் சைக்கிளைப் போர்வை போட்டு மூடிவிட்டு எல்லோரும் சைக்கிள் தேடி ஓடினோம். கறள் பிடித்து கோழி படுத்த சைக்கிளுக்குக் கூட விலை வந்த காலம். அக்கரைப்பற்று, சம்மாந்துறை, கல்முனை என்று அலைந்து எனக்கொன்றும் மகளுக்கொன்றும் வாங்கினேன். மகளுக்கு அப்போது 13 வயது. அவளுக்கு வாங்கியது பார் இல்லாத, லேடிஸ் சைக்கிள் என்று நாம் சொல்கிற வகை. அபாயாவோடு ஏறி இறங்க வசதி, சீட்டும் இறங்கியது, காலும் எட்டியது. பிறகென்ன என்று காசைக் கொடுத்துவிட்டேன்.

இங்கேதான் படித்தவனும் ஏமாறுகிற இடம். பார் வைத்த சைக்கிளில் அளவு பிழையென்றால் ஏறி நின்றதும் உடம்பே சொல்லிவிடும். பார் இல்லாத சைக்கிள் பொய் சொல்லும். எட்டு வயதுப் பிள்ளையும் நடுவில் நிற்கலாம், எண்பது வயது மனிசியும் நிற்கலாம். அதனால் எல்லோருக்கும் பொருத்தம் என்று நினைத்துவிடுவோம். பிரேமுக்கு உயரம் மட்டுமா இருக்கிறது? நீளமும் இருக்கிறது. அந்தச் சைக்கிளுக்கு வளையாத நேரான ஹேண்டில், பிரேமும் நீளம். மகள் ஹேண்டிலைப் பிடிக்க முன்னுக்குச் சரிந்து, முழங்கை மடியாமல் நீட்டிக்கொண்டு ஓடினாள். "உள்ளங்கை விறைக்குது வாப்பா, தோள்மூட்டு வலிக்குது" என்றாள். நான் என்ன சொன்னேன்? "பழகினா சரி வரும் மகள்." மூன்று மாதத்தில் சைக்கிள் பின்வளவுக்குப் போனது. பெண் பிள்ளைதானே, விருப்பமில்லையாக்கும் என்று நானே ஒரு தீர்ப்பும் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் பிரத்தியேக வகுப்புக்குப் போவதென்றால் நான் கொண்டுபோய் விடவேண்டும். நான் இல்லாத நாளில் வகுப்பு இல்லை.

7ஆம் தரத்தில் அளந்த கதையை வீட்டில் சொன்னபோது, இப்போது உயர்தரம் படிக்கிற அவள் எழும்பிப் போய் அந்தச் சைக்கிளை முன்னுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். "இதையும் அளந்து பாருங்க வாப்பா." பழைய சைக்கிள்காரர்களின் ஒரு முறை இருக்கிறது. முழங்கையை சீட்டின் மூக்கில் வைத்து கையை முன்னுக்கு நீட்டினால் விரல் நுனி ஹேண்டிலுக்குக் கிட்ட வரவேண்டும். இது நூலளவு சரியான கணக்கில்லை, ஆனால் பெரிய பிழையைப் பிடித்துக் கொடுக்கும். அவள் விரலுக்கும் ஹேண்டிலுக்கும் இடையில் ஒரு சாண் கிடந்தது. வளர்ந்து முடிந்த பிறகும் ஒரு சாண். வளர்ற புள்ளதானே என்று வாங்கிய சைக்கிளுக்கு புள்ள வளர்ந்தும் பொருந்தவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப உருட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டாள்.

விற்கிற சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லோரையும் சொல்லவில்லை. ஆளைப் பார்த்து "இது உங்களுக்குச் சரி வராது காக்கா, வேற பாருங்க" என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரரும் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு விற்றவர், பிள்ளையை நேரே பார்த்துக்கொண்டே "பெஸ்ட் சைஸ் சேர்" என்றார். அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்கிறவர்களைப் பற்றி குர்ஆனில் ஒரு சூறாவே இருக்கிறது. பிரேம் அளவைத் தெரிந்துகொண்டே தவறான ஆளுக்கு விற்பது அதற்குள் அடங்குமா என்று சொல்ல நான் மௌலவி இல்லை. தராசில் கல் வைத்து நிறுக்கிற மீன்காரரிடம் நாம் சண்டை பிடிக்கிறோம், நாடாவே வைத்திருக்காத சைக்கிள் கடையில் சலாம் சொல்லிவிட்டு வருகிறோம். அதை மட்டும் சொல்கிறேன். நாடா ஒன்றைக் கடையில் தொங்கவிட எவ்வளவு செலவாகும்?

அடுத்தது கொடுப்பவர்கள். இதை எழுதினால் சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிகழ்வில் நானும் மேடையில் இருந்தேன். எத்தீம் பிள்ளைகளுக்கு சைக்கிள் வழங்கல். வரிசையாக நிறுத்தி வைத்த சைக்கிள்கள் எல்லாம் ஒரே நிறம், ஒரே சில்லு, ஒரே பிரேம். பிள்ளைகள் 6ஆம் தரத்தில் இருந்து 11ஆம் தரம் வரைக்கும். பேனர் கட்டினார்கள், படம் பிடித்தார்கள், ஒவ்வொரு பிள்ளையும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஏறி ஓடிய படம் ஒன்றும் இல்லை. 6ஆம் தரத்துப் பிள்ளை அதை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். அதை அவளின் சாச்சா ஓடினார். சில மாதத்தில் விற்றுவிட்டார்கள் என்று கேள்வி. "கொடுத்தா வித்துப்போடுறானுகள்" என்று பிறகு கொடுத்தவர்கள் குறைப்பட்டார்கள். ஓட முடியாத சைக்கிளை ஏழை வீட்டில் காட்சிக்கா வைப்பார்கள்? விற்று அரிசி வாங்கியிருப்பார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை.

மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்பார்கள். உண்மைதான். ஒரே அளவில் மொத்தமாகச் செருப்பு வாங்கினாலும் விலை குறைவுதான்.

இந்தியாவின் பீகார் மாநிலத்தில் 2006இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 9ஆம் வகுப்புக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள். அரசாங்கம் சைக்கிளை வாங்கி வரிசையில் நிறுத்தவில்லை. 2,000 இந்திய ரூபாயைக் கொடுத்து, நீங்களே போய் வாங்குங்கள் என்றது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளின் அளவு 32 வீதம் கூடியிருந்தது. பாடசாலை தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். அந்த ஆய்வு பிரேம் அளவைப் பற்றிப் பேசவில்லை, அது வேறு விஷயம். நான் இதில் எடுப்பது ஒன்றைத்தான். காசு கையில் இருந்தால் அந்தப் பிள்ளையும் வாப்பாவும் கடைக்குப் போவார்கள். கடைக்குப் போனால் ஏறிப் பார்க்கலாம். நமது சங்கங்களும் தனவந்தர்களும் அதே காசுக்கு ஒரு கடையோடு பேசி, பிள்ளையை அனுப்பி, பொருந்துவதைத் தெரிந்தெடுக்க விட்டால் என்ன? ஸதகா குறைந்துவிடாது. குறைவது அந்தப் படம் ஒன்றுதான்.

இனி, "நாங்க அப்படித்தானே பழகினம், எங்களுக்கு என்ன நடந்த?" என்று வரப்போகிறவர்களுக்கு. எனக்கும் தெரியும். வாப்பாவின் பார் சைக்கிளை எடுத்து, பாருக்குள்ளால் காலை விட்டு, உடம்பைக் கோணலாக வளைத்துக்கொண்டு குளக்கட்டில் ஓடினவன்தான் நானும். தமிழ்நாட்டில் அதற்கு குரங்கு பெடல் என்று பெயர். 2024இல் அந்தப் பெயரில் ஒரு படமே வந்தது. இனிமையான நினைவுதான். ஆனால் இரண்டு விஷயத்தை மறக்கிறோம். அது விடுமுறையில் பழகின விளையாட்டு. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு, கிழமைக்கு ஐந்து நாள், மணி அடிக்க முன் போய்ச் சேரவேண்டிய ஓட்டம் இல்லை. மற்றது, அன்று அந்தக் குளக்கட்டில் எதிரே வந்தது மாடு. இன்று வருவது டிப்பர், வான், ஒரு கையில் போன் பிடித்த மோட்டார் சைக்கிள். என் முழங்காலுக்குக் கீழே இன்னும் செயின் கடித்த தழும்பு இருக்கிறது. அதைக் காட்டி வீரம் பேசுகிற வயது எனக்குப் போய்விட்டது.

பெண் பிள்ளைக்கு லேடிஸ், ஆம்பிளைப் பிள்ளைக்கு பார் என்று பிரித்துவிட்டால் அளவு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் புதுக்கோட்டையைப் பற்றி வாசிக்கவேண்டும். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். நம் சமூகத்துப் பெண்களும் அதில் இருந்தார்கள். லேடிஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் பார் வைத்த சைக்கிளில் ஓடினார்கள். சிலர் அதையே விரும்பிக் கேட்டார்களாம், பாரில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகலாம் என்று. பத்திரிகையாளர் பி. சாய்நாத் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். தனக்கு எது தோது என்று ஓடுகிற ஆளே சொன்ன இடம் அது. நான் என் மகளிடம் கேட்கவில்லை.

கடைசியாக, நியாயமான கேள்வி. "சேர், நீங்க சம்பளக்காரர். வருசத்துக்கு ஒரு சைக்கிள் வாங்க எங்களால ஏலுமா?" வயல் வேலைக்குப் போகிற ஒரு வாப்பா என்னிடம் நேரே கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வருடத்துக்கு ஒன்று வேண்டாம். சின்னப் பிரேமைப் பெரிதாக்கலாம், பெரிய பிரேமைச் சின்னதாக்க ஏலாது. சீட்டை முக்கால்வாசி இறக்கி வைத்தால் இன்று பொருந்துகிற பிரேமைப் பாருங்கள். பிள்ளை வருடத்துக்கு 6 சென்டிமீற்றர் உயர்ந்தால், உள்கால் அதில் ஏறக்குறைய பாதி, 3 சென்டிமீற்றர். சீட் கம்பியை 8, 9 சென்டிமீற்றர் உயர்த்த இடமிருந்தால் மூன்று வருடம் ஓடும். மாமா கேட்ட அதே மூன்று வருடம்! கம்பியில் ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளியில் தெரிகிற அளவுக்கு மட்டும் உயர்த்தக் கூடாது. தெரிந்தால் நீளமான கம்பி ஒன்று வாங்கலாம், அது பெரிய செலவில்லை. ஹேண்டிலையும் கொஞ்சம் உயர்த்தலாம். மூன்று வருடம் கழித்து தம்பிக்கோ, பக்கத்து வீட்டுக்கோ கொடுக்கலாம். பொருத்தமாக ஓடின சைக்கிள் விழுந்து நெளியாது, விலையும் போகும்.

அதனால் கடையில் முதலில் கேட்கவேண்டியது, சீட் கம்பியைக் கழற்றிக் காட்டுங்கள் என்று. கப்பலில் வந்து, கடற்கரைக் காற்றில் மாதக்கணக்கில் நின்ற சைக்கிள்களில் கம்பி குழாயோடு சேர்ந்து கறள் பிடித்து இறுகிக் கிடக்கும். ஏறவும் மாட்டாது இறங்கவும் மாட்டாது. "கொஞ்சம் எண்ணெய் விட்டா வரும்" என்பார்கள். விட்டு வரவைத்துக் காட்டச் சொல்லுங்கள். கம்பி ஏறி இறங்காத பிரேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு ஒரே ஒரு அளவுதான். அப்படியே குனிந்து, ஹேண்டில் கழுத்துக்குப் பின்னால் பெயின்ற் வெடித்து குழாய் புடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். புடைத்திருந்தால் முன்னால் எங்கேயோ மோதிய பிரேம். போர்க்கும் பின்னுக்கு வளைந்திருக்கும். பிறகு எந்த அளவும் சரி வராது, விலை கேட்காமலே வந்துவிடுங்கள்.

பிள்ளை ஏறியதும் குதிக்காலைப் பெடலில் வைக்கச் சொல்லுங்கள். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது கால் நேராக வரவேண்டும், இடுப்பு சரியக் கூடாது. ஓடும்போது பாதத்தின் முன்பக்கத்தால் மிதிப்பதால் முழங்கால் தானாகக் கொஞ்சம் மடியும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் முழங்காலில் முட்டக் கூடாது, செருப்பு நுனி முன் மட்காட்டில் தட்டக் கூடாது. பிடியை விடாமல் விரல் பிறேக்கை எட்டவேண்டும். எட்டாத பிறேக் இருந்தும் இல்லாத மாதிரி. பிறகு இறங்கி பாருக்கு மேல் நிற்கச் சொல்லுங்கள். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போகாது. பெல்லைக் கடைசியில் அடித்துப் பார்க்கலாம்.

மாமாவும் நானும் போன சனிக்கிழமை பொடியனைக் கூட்டிக்கொண்டு அந்த 27ஐக் கொண்டுபோய், மேலே கொஞ்சம் காசு போட்டு 24 சில்லு ஒன்றுக்கு மாற்றினோம். கடையில் மூன்றாவதாக ஏறியதுதான் பொருந்தியது. நிறம் அவனுக்குப் பிடிக்கவில்லை, ஊதாப் பூ நிறம். பெயின்ற் அடித்துத் தருவதாக மாமா வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நாடா என் மேசை லாச்சியில் கிடக்கிறது. பாடசாலை விட்ட நாட்களில் அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் போக முன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அளந்து துண்டில் எழுதித் தருகிறேன். பெண் பிள்ளைகள் என்றால் என் மகள் அளப்பாள், அவளே கேட்டு வாங்கிய வேலை. வரும்போது தடித்த கொப்பி ஒன்று கொண்டு வாருங்கள், 80 பக்கக் கொப்பி வளைகிறது.